சண்டைக்குப் போகாமல் ஒரு ரிப்பன்: மரீன்களின் சிறப்புப் பணி ரிப்பன்கள்

கேள்வி: அமெரிக்க மரீன் படையில் இருக்கும் என் அக்கா மகன் மூன்று வருஷம், புதியவர்களுக்குப் பயிற்சி தரும் டிரில் இன்ஸ்ட்ரக்டராக இருந்துவிட்டு வந்திருக்கிறான். சட்டையில் புதிதாக ஒரு ரிப்பன். "இதற்கு மெடல் கிடையாது மாமா, ரிப்பன் மட்டும்தான்" என்கிறான். சண்டைக்கே போகாத வேலைக்கு ரிப்பன் எதற்கு? மெடல் இல்லாத ரிப்பன் என்றால் மட்டமானதா?

பதில்:

இரண்டாவது கேள்வி சுலபம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். மட்டமே இல்லை. மரீன்கள் தங்களுக்குள் யாரைப் பார்த்தாலும் முதலில் தேடுகிற ரிப்பன் 'காம்பாட் ஆக்ஷன் ரிப்பன்'. எதிரி சுட, பதிலுக்கு நின்று சண்டை போட்டவர்களுக்கு அது. 1969-இல் ஏற்படுத்தப்பட்டது. அதற்கும் மெடல் கிடையாது, வெறும் ரிப்பன்தான். ஆனால் மெடல் தொங்கும் எத்தனையோ விருதுகளைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஆகவே மெடல் உண்டா இல்லையா என்பதை வைத்துத் தரம் பிரிக்க முடியாது.

நம்மில் பலர் ரிப்பனை மெடலின் நிழல் என்று நினைக்கிறோம். பெரும்பாலான ரிப்பன்கள் அப்படித்தான். மெடல் தொங்கும் துணியின் அதே நிறங்களில் ஒரு சின்னப் பட்டை, அகலம் சுமார் 35 மில்லிமீட்டர், உயரம் சுமார் 10 மில்லிமீட்டர். தினமும் மெடலை மாட்டிக்கொண்டு அலைய முடியாது என்பதால் அதற்குப் பதிலாக இது. ஆனால் அமெரிக்கப் படைகளில் ஒரு தனி வகை உண்டு. பிறக்கும்போதே ரிப்பனாக மட்டும் பிறந்தவை, பின்னால் மெடல் என்று எதுவும் இல்லாதவை. உங்கள் மருமகனுடையது அந்த வகை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நவம்பர் 10 மரீன் படையின் பிறந்த நாள், 1775-ஆம் வருஷக் கணக்கு. அன்றைய விருந்தில் அவர்கள் நீல உடுப்பில் எடுத்துக்கொண்ட போட்டோ இருந்தால் வாங்கிப் பாருங்கள். இடது மார்பில் மெடல்கள் வரிசையாகத் தொங்கும். மெடல் இல்லாத ரிப்பன்களுக்கு அங்கே இடமில்லை என்பதால் அவை வலது மார்புக்குப் போய்விடும். மற்ற நாட்களில் எல்லாமே இடப்பக்கம்தான், பையின் மேல் விளிம்பிலிருந்து ஒரு அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு உயரத்தில். ஸ்கேல் வைத்து அளந்து குத்துவார்கள், கண் அளவு செல்லாது. ஆக, அந்த விருந்து போட்டோவில் வலது பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே, மெடல் இல்லாமல் அவன் சம்பாதித்தவை எவை என்று தெரிந்துவிடும்.

இனி உங்கள் முதல் கேள்வி. சண்டைக்குப் போகாத வேலைக்கு ரிப்பன் எதற்கு?

மரீன் படையில் ஒவ்வொருவனுக்கும் ஒரு தொழில் உண்டு. ஒருவன் லாரி மெக்கானிக், ஒருவன் ரேடியோ, ஒருவன் காலாட்படை, ஒருவன் சமையல். 'சிறப்புப் பணி' என்பது அவனை அந்தத் தொழிலிலிருந்து சுமார் மூன்று வருஷத்துக்குப் பிய்த்து எடுத்து வேறு வேலைக்கு அனுப்புவது. ஆள் சேர்க்கும் ரிக்ரூட்டர், புதியவர்களை உருவாக்கும் டிரில் இன்ஸ்ட்ரக்டர், வெளிநாட்டுத் தூதரகங்களைக் காக்கும் காவலர், பிறகு போர்ப்பயிற்சி தரும் காம்பாட் இன்ஸ்ட்ரக்டர். சிலர் தாங்களாகவே கை தூக்குவார்கள். போதுமான கைகள் உயரவில்லை என்றால் தலைமையகத்துக் குழு கோப்புகளைப் புரட்டி ஆளைப் பொறுக்கும். மாதாமாதம் கொஞ்சம் கூடுதல் படி கிடைக்கும், பதவி உயர்வுக் குழு கோப்பைத் திறக்கும்போது இந்த மூன்று வருஷம் நன்றாகவே எடுபடும். ஆனால் அந்த மூன்று வருஷமும் அவன் கையிலிருந்த தொழில் துருப்பிடிக்கும். தன் பட்டாளம் எங்காவது கப்பலேறிப் போகும்போது இவன் ஒரு சின்ன ஊர்க் கடைத்தெருவில், துணிக்கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவே உள்ள ரிக்ரூட்டிங் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பான்.

இந்த ரிப்பன்களின் தேதிகளை மட்டும் கவனித்தாலே பாதிக் கதை வந்துவிடும். ரிக்ரூட்டர் ரிப்பன் 1995 ஜூன் 7-இல் வந்தது. டிரில் இன்ஸ்ட்ரக்டர் ரிப்பனும் தூதரகக் காவலர் ரிப்பனும் ஒரே நாளில், 1997 ஜூலை 15-இல் வந்தன. காம்பாட் இன்ஸ்ட்ரக்டருக்கு அதற்கும் பல வருஷம் கழித்து. ஆனால் முதல் மூன்றும் பின்தேதியிட்டவை. ரிக்ரூட்டர்களுக்கு 1973 ஜனவரி 1 முதல், டிரில் இன்ஸ்ட்ரக்டர்களுக்கு 1952 அக்டோபர் 6 முதல், தூதரகக் காவலர்களுக்கு 1949 ஜனவரி 28 முதல். அதாவது 1949-இல் ஒரு தூதரக வாசலில் நின்ற இளைஞன், தன் ரிப்பனுக்கு உரிமை பெறும்போது எழுபது வயதை எட்டியிருப்பான். குத்திக்கொள்ளச் சட்டைதான் இருக்காது!

1973 ஏன் என்பது தெளிவு. வியட்நாம் போருக்காக இளைஞர்களைக் கட்டாயப்படுத்திப் பிடித்துப்போன முறை அந்த வருஷத்தோடு நின்றது. அதுவரை ஆள் சேர்ப்பதில் சட்டம் கூடவே நின்றது. கட்டாயத்தில் தரைப்படைக்குப் போவதைவிட விரும்பி மரீனில் சேரலாம் என்று வந்தவர்களும் உண்டு. 1973-க்குப் பிறகு ஒவ்வொரு ஆளையும் பேசித்தான் சேர்க்க வேண்டும். ரிக்ரூட்டரின் பிழைப்பு அன்றிலிருந்துதான் நாய்ப்பிழைப்பு ஆனது. மாதம் இத்தனை பேர் என்று கணக்கு. போன மாதம் கூடுதலாகச் சேர்த்தேன் என்றால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். மாதம் பிறந்தால் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. பள்ளிக்கூட வாசல், கால்பந்து மைதானம், அம்மா அப்பாவைச் சமாதானப்படுத்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை. சரி என்று சொன்ன பையன் பயிற்சிக்குக் கிளம்பும் நாள் வரை மாதக்கணக்கில் அவனைக் கட்டி மேய்க்கவும் வேண்டும், நடுவில் மனசு மாறிவிட்டால் கணக்கில் ஒன்று குறைந்துவிடும். சண்டை பார்த்த மரீன்களிலேயே பலர் ரிக்ரூட்டிங்கைத்தான் தங்கள் பணிக்காலத்தின் மிகக் கஷ்டமான மூன்று வருஷம் என்பார்கள். மிகைப்படுத்துகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை.

டிரில் இன்ஸ்ட்ரக்டர் விஷயத்துக்கு வருவோம், உங்கள் மருமகனின் வேலை அதுதானே.

பயிற்சி முகாம் இரண்டே இரண்டு: தென் கரோலினாவின் பாரிஸ் ஐலண்ட், கலிபோர்னியாவின் சான் டியேகோ. பாரம்பரியமாக மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ளவர்கள் முதலாவதற்கு, மேற்கே உள்ளவர்கள் இரண்டாவதற்கு. இரவில் பஸ் வந்து நிற்கும். தரையில் மஞ்சள் வண்ணத்தில் வரிசையாகப் பாதச் சுவடுகள் தீட்டியிருக்கும், அதன் மேல் போய் நிற்க வேண்டும். அந்த நிமிஷம் முதல் பதின்மூன்று வாரம். 'நான்' என்ற சொல் வாயில் வரக் கூடாது, 'இந்த ரிக்ரூட்' (புதிதாகச் சேர்ந்தவன்) என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

சான் டியேகோவில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுப் பையனின் பயிற்சி நிறைவு விழாவுக்குப் போயிருக்கிறேன். அந்த முகாமும் விமான நிலையமும் வேலிக்கு வேலி ஒட்டியவை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அணிவகுப்புக்குப் பின்னால் ஒவ்வொரு விமானமாக மேலேறிக்கொண்டே இருந்தது. பதின்மூன்று வாரமாக அந்தப் பையன்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இடது வலது போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் வழி கண்ணெதிரே பறந்துகொண்டிருக்கும், போகத்தான் முடியாது. விழா முடிந்து அந்தப் பையனின் டிரில் இன்ஸ்ட்ரக்டர் வந்து அவன் அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். சொன்னார் என்பதைவிடக் கரகரத்தார் எனலாம். தொண்டை கிழியக் கத்திக் கத்தி, தவளை சத்தம் மாதிரி ஒரு குரல். 'தவளைக் குரல்' என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். சிலருக்கு அந்தக் குரல் பழையபடி திரும்புவதே இல்லை. அந்த ரிப்பனுக்கு என்ன விலை என்று அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

ஒரு பிளாட்டூனுக்கு, அதாவது ஒன்றாகப் பயிற்சி பெறும் ஒரு குழுவுக்கு, மூன்று நான்கு டிரில் இன்ஸ்ட்ரக்டர்கள். எல்லாரும் ஒரே மாதிரி கத்துகிறார்கள் என்று வெளியாருக்குத் தோன்றும், உள்ளே வேலைப் பிரிவினை துல்லியம். சீனியர் கறுப்பு பெல்ட் போட்டிருப்பார், அவர் அப்பா ஸ்தானம். அவர் திட்டினால் ரிக்ரூட்டுக்கு உறைக்கும், அவர் பாராட்டினால் அழுகை வரும். மற்றவர்கள் பச்சை பெல்ட். அவர்களில் மூத்தவருக்கு 'கனத்த தொப்பி' என்று பெயர், அணிவகுப்பைச் சொல்லித்தருவது அவர் பொறுப்பு. கடைசியாக வந்து சேர்ந்தவருக்குத்தான் பெரும்பாலும் விரட்டி அடிக்கிற வேலை, எல்லாரும் பயப்படுவது அவருக்கே. காலையில் விளக்கு எரியும்போது இவர்களில் ஒருவர் அங்கே நின்றாக வேண்டும், இரவு விளக்கு அணைந்த பிறகும் ஒருவர் அங்கேயே தங்குவார். ஒரு பிளாட்டூன் முடிந்து சில நாள் மூச்சு வாங்கினால் அடுத்த பஸ் வந்துவிடும். கல்யாணமானவர்களின் வீட்டில் இதற்கு என்ன விலை என்பதை உங்கள் அக்கா மருமகளிடம் கேட்டால் தெரியும்.

இந்தப் பணிக்கு இவ்வளவு கறாரான தேர்வும் கண்காணிப்பும் வந்ததற்குப் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. தற்செயலாக அதன் பெயரிலும் ஒரு ரிப்பன்.

பாரிஸ் ஐலண்டில் 'ரிப்பன் கிரீக்' என்று ஒரு ஓடை. கடல் ஏறி இறங்கும் சதுப்பு நிலத்தில் ஓடுவது. 1956 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, மேத்யூ மெக்கீன் என்ற ஸ்டாஃப் சார்ஜன்ட், பிளாட்டூன் 71-க்கு ஒழுக்கம் போதவில்லை என்று அவர்களை அந்த ஓடைக்குள் நடத்திக்கொண்டு போனார். இருட்டு, காலடியில் சேறு, ஓரிடத்தில் திடீரென்று ஆழம். நீச்சல் தெரியாதவர்கள் பதறிப் பக்கத்தில் இருந்தவர்களைப் பிடிக்க, ஆறு பேர் மூழ்கிச் செத்தார்கள். மெக்கீன் கொடூரர் எல்லாம் இல்லை. கொரியப் போரில் இருந்தவர், டிரில் இன்ஸ்ட்ரக்டர் வேலைக்குப் புதியவர். அன்று அவர் குடித்திருந்ததும் விசாரணையில் வந்தது. ராணுவ நீதிமன்றம் நடந்தது. படையிலேயே அதிகம் கொண்டாடப்பட்ட வீரரான 'செஸ்டி' புல்லர், ஓய்வுபெற்றிருந்தவர், வந்து மெக்கீன் பக்கம் சாட்சி சொன்னார். கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்ற குற்றம் உறுதியானது. முதலில் ஒன்பது மாதச் சிறையும் படையிலிருந்து நீக்கமும் விதித்தார்கள். கடற்படைச் செயலர் அதை மூன்று மாதமாகக் குறைத்து, நீக்கத்தையும் ரத்து செய்தார். ஆனால் மெக்கீன் கடைநிலை வீரராக இறக்கப்பட்டார்.

அந்த ஆறு சாவு படையையே உலுக்கியது. டிரில் இன்ஸ்ட்ரக்டர்களுக்கு மேலே நேரடியாகக் கண்காணிக்க அதிகாரிகள் வந்தார்கள், தேர்வு கடுமையானது. அதே 1956-இல் இன்னொன்றும் செய்தார்கள். நான்கு பக்கமும் குழிந்த, அகல விளிம்புள்ள அந்தப் பழைய தொப்பியை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று சினிமாவில் டிரில் இன்ஸ்ட்ரக்டர் என்றாலே கண்ணில் வரும் தொப்பி அதுதான். கடிவாளத்தையும் மரியாதையையும் ஒரே வருஷத்தில் கொடுத்ததை நான் புத்திசாலித்தனம் என்பேன். நாலு பேர் செய்த தப்புக்கு ஒரு தொழிலையே கேவலப்படுத்தினால் நல்ல ஆள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். ரிப்பன் வந்தது அதற்கு நாற்பத்தொரு வருஷம் கழித்து என்றாலும் அதுவும் இந்த மரியாதைக் கணக்கில்தான் சேரும்.

தூதரகக் காவலர் வேலை இவை இரண்டிலிருந்தும் வேறு. 1949 ஜனவரியில் முதல் மரீன்கள் அனுப்பப்பட்ட ஊர்கள் டாஞ்சியரும் பாங்காக்கும். இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். தூதரகக் கட்டிடத்துக்குள் நுழைந்தால் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். 'போஸ்ட் ஒன்' என்று பெயர். கதவு திறப்பது, கேமரா பார்ப்பது, எந்நேரமும் ஒருவர் விழித்திருப்பது. மனிதர்களையும் ரகசியக் கோப்புகளையும் காப்பதுதான் பொறுப்பு. இளநிலையில் உள்ளவர்கள் அந்தக் காலம் முழுக்கக் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. இருபது இருபத்திரண்டு வயதுப் பையன், தெரியாத ஊர், தெரியாத மொழி.

இந்த விதிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதற்கு மாஸ்கோ ஒரு எச்சரிக்கை. அங்கே காவலுக்கு இருந்த கிளேட்டன் லோன்ட்ரீ என்ற சார்ஜன்ட் ஒரு ரஷ்யப் பெண்ணிடம் மயங்கி, அவள் வழியே சோவியத் உளவுத்துறையின் கைக்குள் போனார். 1987-இல் தண்டனை பெற்றார். உளவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மரீன் அவர். தனிமையையும் எதிரி ஆயுதமாக்குவான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

'சண்டைக்குப் போகாத வேலை' என்று நீங்கள் எழுதியது இந்த இடத்தில்தான் இடிக்கும். காவலர்கள் சண்டையைத் தேடிப் போவதில்லை, அது வாசலுக்கு வரும். தென் வியட்நாம் வீழ்ந்து அமெரிக்கர்கள் வெளியேறிக்கொண்டிருந்த நேரம், 1975 ஏப்ரல் 29 அதிகாலை, அதன் தலைநகர் சைகோனின் விமான நிலையத்தில் ராக்கெட் விழுந்து செத்த சார்ல்ஸ் மெக்மஹனும் டார்வின் ஜட்ஜும் தூதரகக் காவல் பிரிவினர், ஒருவருக்கு 21 வயது, மற்றவருக்கு 19. வியட்நாம் மண்ணில் எதிரித் தாக்குதலில் உயிரிழந்த கடைசி அமெரிக்க வீரர்கள் அவர்கள்தான். மறுநாள் காலை எல்லாரும் போன பிறகும் தூதரகக் கூரையில் பதினொரு மரீன்கள் மிச்சம். கீழே படிக்கட்டுகளில் ஜனம், மேலே ஹெலிகாப்டரைக் காணோம். எட்டு மணிக்குச் சற்று முன்னால்தான் கடைசி ஹெலிகாப்டர் வந்தது. கடைசியாக ஏறியவர் காவல் பிரிவின் தலைவர், மாஸ்டர் சார்ஜன்ட் ஹுவான் வால்டெஸ். 1979-இல் டெஹ்ரானில் பணயக் கைதிகளாகப் பிடிபட்டு 444 நாள் கிடந்தவர்களிலும் தூதரக மரீன்கள் இருந்தார்கள். 2012-இல் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கொல்லப்பட்டபோது அந்த வளாகத்தில் மரீன் காவலே இல்லை. அதற்குப் பிறகு இந்தப் பணிக்கு ஆயிரம் பேர் வரை கூடுதலாக வைத்துக்கொள்ள நாடாளுமன்றம் அனுமதித்தது.

மற்ற அமெரிக்கப் படைகளில் இதே வேலைகளுக்கு என்ன தருகிறார்கள் என்றால், ஆளுக்கு ஒரு வழி. தரைப்படை ரிக்ரூட்டர்களுக்கும் டிரில் சார்ஜன்ட்களுக்கும் ரிப்பன் தருவதில்லை, சட்டையில் குத்தும் பேட்ஜ் தருகிறது. கடற்படை, ஆள் சேர்ப்புக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று என்று ரிப்பன் வைத்திருக்கிறது. விமானப்படையும் சிறப்புப் பணிக்கென்று ஒரு ரிப்பன் தருகிறது. கடலோரக் காவல் படைக்கு 1987 முதல் 'ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் சர்வீஸ் ரிப்பன்' உண்டு, ஆனால் அது ஒரு பதவியில் மூன்று வருஷம் இருந்ததற்கு அல்ல, வேறு விருது பொருந்தாத தனி நடவடிக்கைகளில் பங்கெடுத்ததற்கு. பெயரைப் பார்த்து இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரிப்பன்கள் ரொம்பப் பெருகிவிட்டன என்று பழைய ஆட்கள் முணுமுணுப்பது உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. தரைப்படையில் 1981 முதல் ஆரம்பப் பயிற்சியை முடித்தாலே ஒரு ரிப்பன். மரீன்கள் அதைக் காட்டிக் கேலி செய்வார்கள், 'எங்களிடம் மார்பு காலியாக இருந்தால் அதுவே பெருமை' என்று. பிறகு அவர்களே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். என் கணக்கு இது: எல்லாருக்கும் கிடைப்பதற்கு ரிப்பன் தேவையில்லை. எல்லாரும் செய்ய முடியாத, ஆனால் யாரோ செய்தே ஆக வேண்டிய வேலைக்குத் தரலாம். டிரில் இன்ஸ்ட்ரக்டர் பள்ளியில் பாதியில் திரும்பி வருகிறவர்கள் உண்டு. பணியின் நடுவில் ரிக்ரூட்டைக் கைநீட்டி அடித்தான் என்று நீக்கப்படுகிறவர்களும் உண்டு. காலத்தை ஒழுங்காக முடித்தவனுக்குத்தான் ரிப்பன், சும்மா போய் வந்தவனுக்கு இல்லை.

படிவரிசையில் இவை கீழேதான் வரும், கடல் பணி, வெளிநாட்டுப் பணி ரிப்பன்களுக்கெல்லாம் பின்னால். அதைப் பார்த்தும் நீங்கள் மட்டம் என்று முடிவு கட்ட வேண்டாம். வரிசை என்பது எதற்குப் பின் எது குத்துவது என்கிற ஒழுங்கு, அவ்வளவே. அந்தப் பட்டையின் நடுவில் சின்ன வெண்கல நட்சத்திரம் இருந்தால் அதே பணியை இரண்டாம் முறை முடித்தவர் என்று அர்த்தம். ஒரு முறை டிரில் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவர் மறுபடியும் அதே முகாமுக்குப் போவது உண்டு, அப்படிப் போகிறவர்களைப் பார்த்து மற்ற மரீன்களே தலையை ஆட்டுவார்கள்.

உங்கள் மருமகன் அடுத்த முறை வரும்போது எத்தனை பிளாட்டூன் முடித்தான், கறுப்பு பெல்ட் வரை போனானா, பச்சையோடு நின்றானா என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லும்போது குரலையும் கொஞ்சம் கவனியுங்கள்.